வரைபடத்துக்கும் பேடன்ட் உண்டா?

நாமக்கல் லாரி ஆபீசுகளில், வண்டி எங்கே வருகிறது என்று டிரைவருக்கு மணிக்கொரு தரம் போன் போட்டுக் கேட்ட காலம் மலையேறிவிட்டது. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் ரிக் வண்டி சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தாலும், அது எந்த ஊரில் நிற்கிறது என்று இவர் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துவிடுகிறார். அந்தத் திரையில் என்னென்ன இருக்கின்றன? அடியில் ஒரு வரைபடம். அதன் மேல் நகரும் புள்ளி. ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த இடத்துக்குத் தாவும் வசதி. எந்தச் சாலையில் போகலாம் என்ற வழி. எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கு. வண்டி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ஒரு எச்சரிக்கை.

இவ்வளவையும் கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்ன அறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்துவிடலாம். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் தரவுக்குக் காசில்லை. வரைபடத்தைத் திரையில் காட்டும் லீஃப்லெட், இடத் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற கருவிகளுக்கும் காசில்லை. யாருடைய நிரலையும் திருட வேண்டியதில்லை. ஆனாலும் மேலே சொன்னவற்றில் பலவற்றுக்கு, ‘இது என்னுடையது, காசு கொடு’ என்று அமெரிக்காவில் யாரோ ஒருவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். ஊரே செய்யும் வேலை ஒருவருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? மென்பொருள் பேடன்ட் என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

நம் பக்கத்தில் புவிசார் குறியீடு பற்றிப் பலருக்கும் தெரியும். பவானி ஜமக்காளம், கோவை வெட் கிரைண்டர், ஈரோடு மஞ்சள் எல்லாம் அதைப் பெற்றவை. அது ஊரோடு ஒட்டிய பெயரைக் காப்பது. பேடன்ட் வேறு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, மற்றவர் யாரும் அதைச் செய்யாமலும் விற்காமலும் தடுக்கலாம். பதிலுக்கு, தன் கண்டுபிடிப்பை மறைக்காமல் எழுதி வெளியிட வேண்டும். அது உண்மையிலேயே புதிதாக இருக்க வேண்டும்; அந்தத் துறையில் இருப்பவருக்கு ‘இது யாருக்கும் தோன்றுமே’ என்று படக் கூடாது. உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவில் வாங்கிய பேடன்ட் அமெரிக்காவில்தான் செல்லும்.

நிரல் எழுதுபவர்களுக்குப் பழக்கமானது காப்பிரைட். அது நீங்கள் எழுதிய வரிகளைக் காக்கிறது. அதே வேலையைச் செய்யும் நிரலை இன்னொருவர் தானாக எழுதினால் காப்பிரைட் அவரைத் தொடாது. பேடன்ட் தொடும். ‘நான் அந்தப் பேடன்ட்டைப் பார்த்ததே இல்லை, சொந்தமாக யோசித்துத்தான் செய்தேன்’ என்பது அங்கே எடுபடாது. முதன்முறை கேட்கும் எந்தப் புரோகிராமருக்கும் இது தொண்டையில் இறங்குவதில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம், ஒரு பேடன்ட் ஆவணத்தில் முன்னால் வரும் படங்களும் விளக்கங்களும் உரிமையின் எல்லையைச் சொல்வதில்லை. கடைசியில் எண் போட்டு வரும் வாக்கியங்கள் இருக்கின்றனவே, அந்தக் கோரல்கள்தான் எல்லை. ஒரு பம்பு செட்டுக்கான கோரலில் உருளை, வால்வு, தண்டு என்று உறுப்புகள் வரும். அவற்றில் ஒன்றை மாற்றிப் புதுவிதமாகச் செய்தால் எல்லைக்கு வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. மென்பொருளில் கோரல் பல சமயம் வேறு மாதிரி எழுதப்படுகிறது: வண்டியின் இருப்பிடத்தைப் பெறுதல், அது வந்து சேரும் நேரத்தைக் கணக்கிடுதல், காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புதல். எப்படிச் செய்தீர்கள் என்பதே அதில் இல்லை. என்ன செய்கிறீர்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. எந்த வழியில் செய்தாலும் எல்லைக்குள்தான் நிற்பீர்கள்.

இந்த எடுத்துக்காட்டு நான் கற்பனையில் பிடித்ததல்ல. பள்ளிப் பேருந்து வருவதை முன்கூட்டியே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் யோசனை ஒன்று 1990-களில் அமெரிக்காவில் பேடன்ட் ஆனது. அதிலிருந்து கிளைத்த பேடன்ட்டுகள் அரைவல்ஸ்டார் என்ற கம்பெனியின் கைக்கு வந்தன. அது பேருந்து விட்ட கம்பெனியும் இல்லை, மென்பொருள் விற்ற கம்பெனியும் இல்லை. பேருந்தோ ரயிலோ எப்போது வரும் என்று மக்களுக்குச் சொன்ன நகரப் போக்குவரத்து அமைப்புகள், பார்சல் எங்கே வருகிறது என்று காட்டிய கடைகள் எனப் பலர் மீதும் வழக்குப் போட்டது. அமெரிக்காவில் ஒரு பேடன்ட் வழக்கைக் கடைசி வரை நடத்தப் பல லட்சம் டாலர் ஆகும். கேட்கும் தொகை அதைவிடக் குறைவு என்றால், தப்பு செய்யாதவரும் கொடுத்துவிட்டுப் போகத்தானே பார்ப்பார்? தொழிலே அந்தக் கணக்கில்தான் நடந்தது.

2013-ல் அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துச் சங்கம் எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சில வாரங்களில் சமரசம் ஆகி, சங்க உறுப்பினர்கள் மீது இனி வழக்குப் போடுவதில்லை என்று அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பிறகு ஷிப்பிங் அண்ட் ட்ரான்சிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு சின்னக் கடைகளைத் துரத்தியது. 2018-ல் திவால் மனு கொடுத்தபோது, தன் அமெரிக்கப் பேடன்ட்டுகளின் மொத்த மதிப்பு என்று அது எழுதிய தொகை 1 டாலர். அத்தனை ஆண்டு எத்தனையோ பேரைத் தூங்கவிடாமல் செய்த சொத்தின் விலை ஒரு டீ, ஒரு வடைக்குத்தான் வரும்.

பெரிய கம்பெனிகளும் சும்மா இருந்ததில்லை. 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், காருக்கு வழிகாட்டும் கருவி விற்கும் டாம்டாம் கம்பெனி மீது எட்டு பேடன்ட்டுகளை வைத்து வழக்குப் போட்டது. ஐந்து, காரில் வழிகாட்டுவது பற்றியவை. மூன்று, கோப்புகளைச் சேமிப்பது பற்றியவை. மார்ச் முடிவதற்குள் டாம்டாம் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறது என்று இணையத்தில் காட்டியதற்காக, ஜியோடேக் என்ற கம்பெனியிடமிருந்து வழக்கு வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில்.

வரைபடத் துறையில் கோப்பு வடிவங்களால் வந்த தொல்லை இன்னும் பழையது. படங்களைச் சுருக்கும் எல்இசட்டபிள்யூ முறை 1984-ல் ஒரு கணினி இதழில் கட்டுரையாக வெளிவந்தது. எல்லோரும் படித்தார்கள், பயன்படுத்தினார்கள். 1987-ல் வந்த ஜிஃப் வடிவம் அதன் மேல்தான் கட்டப்பட்டது. ஸ்கேன் செய்த வரைபடங்களை வைக்கும் டிஃப் கோப்பிலும் அது நுழைந்தது. அந்த முறைக்கு 1983-லேயே பேடன்ட் விண்ணப்பம் போயிருந்தது பலருக்குத் தெரியாது. 1994 டிசம்பரில், ஜிஃப் எழுதும் மென்பொருள் செய்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று அந்தப் பேடன்ட்டை வைத்திருந்த யுனிசிஸ் கம்பெனி அறிவித்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி என்ற பட வடிவம். இணைய வரைபடச் சர்வர்கள் படம் வரையப் பயன்படுத்திய ஜிடி என்ற நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு), ஜிஃப்பைக் கழற்றிவிட்டு பிஎன்ஜிக்கு மாறியது. அமெரிக்காவில் அந்தப் பேடன்ட் 2003 ஜூனில் காலாவதியானது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. வான்வழிப் படங்கள் மிகப் பெரியவை. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிச் சுருக்குவது வழக்கம். துண்டுகளைத் தனித்தனியாகச் சுருக்கினால், திரும்ப ஒட்டும்போது ஓரங்களில் தையல் போட்ட மாதிரி கோடு தெரியும். அந்தக் கோடு தெரியாமல் அலைக்கூறு (வேவ்லெட்) என்ற கணித முறையில் சுருக்கும் ஒரு வழி லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்கான பேடன்ட் லிசார்ட்டெக் கம்பெனியின் கைக்குப் போனது. மிஸ்டர்சிட் என்ற கோப்பு வடிவம் அவர்களுடையது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்த எர்த் ரிசோர்ஸ் மேப்பிங், இசிடபிள்யூ என்ற வடிவத்தை வெளியிட்டது. அதுவும் கோடில்லாமல் சுருக்கியது, ஆனால் வேறு வழியில். 1999-ல் வழக்கு.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம். பேடன்ட்டில் விளக்கி எழுதியிருப்பது கோடு தெரியாமல் சுருக்கும் ஒரே ஒரு வழியை. ஆனால் 21-ம் கோரல் கேட்பதோ, கோடு தெரியாமல் சுருக்கும் எல்லா வழிகளையும். ஒன்றைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கேட்க முடியாது என்று அந்தக் கோரல் செல்லாது என்றார்கள். எதிராளி உரிமையை மீறவில்லை என்றும் தீர்ப்பானது. சரி, நியாயம் கிடைத்தது. ஆனால் ஆறு ஆண்டுகள் ஆனதே! பெர்த் கம்பெனிக்குத் தாக்குப்பிடிக்கத் தெம்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று ஒரு கல்லூரி மாணவர் பொதுவில் விட்ட திறந்தமூல நிரலுக்கு இருக்குமா?

எல்லாப் பேடன்ட்டையும் ஒரே தட்டில் வைக்கவும் எனக்கு மனமில்லை. தென்னந்தோப்புக்கு மேலே டிரோன் பறக்கவிட்டு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒரே வரைபடமாக ஒட்ட வேண்டும் என்றால், ஒரு படத்தில் இருக்கும் புள்ளி அடுத்த படத்தில் எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பேர்போன முறை சிஃப்ட். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ உருவாக்கியது. அது உண்மையான கண்டுபிடிப்பு. யாருக்கும் தோன்றக்கூடியது என்று சொல்ல முடியாது. அதற்கும் அமெரிக்கப் பேடன்ட் இருந்தது. அதனால் ஓபன்சிவி என்ற திறந்தமூல நூலகம் அதை ‘இலவசமல்லாதவை’ என்ற தனிப் பெட்டியில் வைத்திருந்தது. 2020 மார்ச்சில் பேடன்ட் முடிந்தது. அதே ஆண்டு வந்த பதிப்பில் சிஃப்ட் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. கண்டுபிடித்தவர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மென்பொருளில் 20 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. விசைத்தறிக்குப் பொருந்தும் கால அளவை நிரலுக்கும் வைப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

இனி, அன்றாடப் பழக்கம் எப்படிப் பேடன்ட் ஆகிறது என்பதற்கு, விரலால் இழுத்து நகர்த்தும் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் ஒரு சதுரம். ஒரு படி பெரிதாக்கினால் நான்கு சதுரம், அடுத்த படியில் பதினாறு. இப்படியே 18-ம் படியில் 6,871 கோடிக்கு மேல் சதுரங்கள் வரும். ஒவ்வொரு சதுரத்துக்கும் டைல் என்று பெயர். உங்கள் திரைக்குத் தேவையான சில டைல்கள் மட்டும் இறங்குவதால்தான் வரைபடம் வேகமாக வருகிறது. கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் இந்த அனுபவத்தைக் கொண்டுவந்தது. 2007 ஜனவரியில் ‘டிஜிட்டல் வரைபட அமைப்பு’ என்ற பெயரில் அந்நிறுவனத்துக்கு ஒரு அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது.

ஆனால் டைல் புதிதா? 1998-லேயே மைக்ரோசாஃப்ட்டின் டெர்ராசர்வர் வான்வழிப் படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி, பல அளவுகளில் அடுக்கி, இணையத்தில் கொடுத்தது. இன்னும் பின்னால் போனால் நம் இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட் என்ற நில வரைபடத் தாள் இருக்கிறது. நான்கு பாகை நீள அகலத்துக்கு ஒரு பெருந்தாள்; கொங்கு நாட்டின் பெரும்பகுதி 58-ம் எண் தாளில் விழும். அதைப் பதினாறாகப் பிரித்து ஏ, பி, சி என்று எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்து எண். ஈரோடு நகரம் 58 ஈ/11. எந்தச் சதுரத்துக்குள் எந்தச் சதுரம் என்பது பெயரிலேயே இருக்கிறது. இணைய டைல்களின் எண் முறையும் அடிப்படையில் இதேதான். பதினாறுக்குப் பதில் நான்கு, அவ்வளவுதான்.

இப்படி ஏற்கெனவே இருந்ததற்கான சான்றை முன்னறிவு என்று சொல்லலாம். பேடன்ட்டை வீழ்த்தும் முக்கிய ஆயுதம் அதுதான். பெர்லினின் ஆர்ட்காம் நிறுவனம் 1994-ல் டெர்ராவிஷன் என்று, கணினித் திரையில் சுழலும் பூமி ஒன்றைச் செய்தது. தன் பேடன்ட்டை கூகுள் எர்த் மீறிவிட்டது என்று 2014-ல் வழக்குப் போட்டது. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்த அமைப்பு முன்பே இருந்தது என்று கூகுள் காட்டியது. அதன் பெயரும் டெர்ராவிஷன்தான்! 2016-ல் ஜூரி பேடன்ட் செல்லாது என்றது. 2017-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

முன்னறிவு பற்றி ஈரோட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1995 மார்ச்சில், மஞ்சள் தூளால் காயத்தை ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா பேடன்ட் கொடுத்தது. அடிபட்டால் மஞ்சளை அரைத்துப் பத்துப் போடுவது நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? ஆனால் பாட்டி சொன்னாள் என்பதைச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, அச்சில் வேண்டும். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர், 32 ஆவணங்களைத் தேடி எடுத்து மறு பரிசீலனை கேட்டது. அவற்றில் 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் ஒன்று. 1997 ஆகஸ்டில் பேடன்ட் ரத்தானது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மென்பொருளிலும் இதே ஆபத்துதான். எல்லா ஆபீசிலும் செய்யும் வேலையை யாரும் தேதி போட்டு எழுதி வைப்பதில்லை. குறுகிய வழி கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா முறை 1959-ல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அதனால் அந்த அடிப்படை முறையை இன்று யாரும் ‘என்னுடையது’ என்று சொல்லிக்கொண்டு வர முடியாது.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் ஆறுதல். 1970-ம் ஆண்டு பேடன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை பேடன்ட்டுக்கு உரியவை அல்ல என்கிறது. 2004 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மென்பொருளுக்கு இந்தக் கதவைத் திறக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. அதே 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் பேடன்ட் வரைவை 648-க்கு 14 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் கூட 2014-ல் ஆலிஸ் என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பழைய யோசனையோடு ‘கணினி வழியாக’ என்று சேர்த்து எழுதினால் மட்டும் போதாது என்றாகிவிட்டது.

அதற்காக நம் 3(கே) பூட்டிய கதவு என்று நினைத்துவிடக் கூடாது. ‘வெறும் கணினி நிரல்’ என்பதில் அந்த ‘வெறும்’ பெரிய சந்து. நிரலால் ஒரு தொழில்நுட்ப விளைவு உண்டாகிறது என்று காட்டினால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019-ல், ஃபெரிட் அல்லானி வழக்கில் சொன்னது. கருவியோடு சேர்த்து எழுதிய விண்ணப்பங்கள் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்று, நம் ஊரில் உட்கார்ந்து செய்கிறோம் என்பதால் அமெரிக்கச் சட்டம் நம்மைத் தொடாது என்பதும் பாதி உண்மைதான். திருப்பூரில் பனியன் தைப்பவர் ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது, எந்தச் சாயம் தடை என்று அந்த நாட்டு விதியைப் பார்த்துத்தானே துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்? செயலியும் அப்படித்தான். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால், அந்தச் சந்தைக்குள் அங்குள்ள பேடன்ட் பேசும். கோவைக் கம்பெனிகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில், பேடன்ட் வழக்கு வந்தால் செலவு யாருடையது என்று ஒரு பத்தி இருக்கும். பலர் அதைப் படிக்காமல் விடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டிய பத்தி அது.

சின்னக் குழுக்கள் என்ன செய்யலாம்? எந்த உரிமத்தில் வந்த நூலகத்தை எடுக்கிறோம் என்று பார்க்கலாம். அப்பாச்சி 2.0, ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு போன்ற உரிமங்களில், எழுதியவர்கள் தங்கள் பேடன்ட்டை வைத்துப் பயனரைத் துன்புறுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்தே வருகிறது. ஒரு இடத்தைச் சில எழுத்துகளிலோ சொற்களிலோ சொல்லும் இடக் குறியீடு வேண்டும் என்றாலும் இதையே யோசிக்கலாம். கொங்கில் பல வீடுகள் தெருவில் இல்லை, தோட்டத்துக்குள் இருக்கின்றன. கதவு எண்ணை வைத்து ஆம்புலன்ஸ் வந்து சேராது. லண்டன் கம்பெனியின் வாட்த்ரீவேர்ட்ஸ், மூன்று மீட்டர் சதுரத்துக்கு மூன்று சொல் தருகிறது, ஆனால் முறை தனியார் சொத்து. அதற்கு ஈடாக வந்த ஒரு திறந்த நிரலைப் பகிர முன்வந்த ஆய்வாளருக்கு 2021-ல் வக்கீல் கடிதம் போனது. கூகுளின் பிளஸ் கோடும், அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின்னும் திறந்தவை. டிஜிபின், சுமார் நான்கு மீட்டர் சதுரத்துக்குப் பத்து எழுத்து. எனக்குத் தேர்வு செய்யச் சொன்னால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன்.

அதைவிட முக்கியம், செய்வதை எழுதி வெளியிடுவது. ரிக் வண்டி எல்லை தாண்டினால் எப்படி எச்சரிக்கை போகிறது, முட்டை லோடு வண்டி எந்த வரிசையில் கடைகளுக்குப் போகிறது என்பதையெல்லாம், வேலை முடிந்ததும் நான்கு பத்தி எழுதித் தேதியோடு பொதுவில் போட்டுவிடலாம். தமிழில் எழுதினாலும் அது முன்னறிவுதான். எந்த மொழி என்று சட்டம் பார்ப்பதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கும் புவித்தகவலுக்கும் தனித் துறையே இருக்கிறது. அங்கும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் அலமாரியில் தூங்கும் திட்ட அறிக்கைகளை இணையத்தில் ஏற்றினால், அதுவே ஒரு பெரிய காப்பு.

இந்தியாவில் போடப்படும் விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் பேடன்ட் அலுவலகத்தின் இதழில் வெளியாகும். நம் பக்கத்து விண்ணப்பங்களைப் பார்ப்பது சென்னை கிண்டி அலுவலகம். வெளியானதிலிருந்து பேடன்ட் கொடுக்கும் வரை, ‘இது பழையது’ என்று 7ஏ படிவத்தில் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு எழுதலாம். அதே தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கொடுத்த பிறகு எதிர்க்க ஓராண்டு அவகாசம் உண்டு, ஆனால் அப்போது அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வருகிறது. படிக்கக் காசில்லை.